முதலாம் தெரிவு

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும். அந்தப் படிவத்தில் இருந்த என் எழுத்தைப் பார்த்தால் யாரும் சொல்லிவிடுவார்கள், எழுதியவள் பேனையைப் பிடிக்கவில்லை, யாருடைய கழுத்தையோ பிடித்திருக்கிறாள் என்று.

ஒரே ஒரு தாள்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்குப் போகிற எல்லோரும் முதல் வருஷம் ஒரே பாடங்களைப் படிப்போம். வருஷம் முடிந்ததும் துறை துறையாகப் பிரிப்பார்கள். சிவில், மெக்கானிக்கல், மின்னியலும் எலெக்ட்ரோனிக்ஸ் என்கிற இலத்திரனியலும் சேர்ந்தது, உற்பத்தி, கெமிக்கல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெட்டி. ஒன்றிலிருந்து ஐந்து வரை விருப்ப வரிசையை எழுதி அனுப்ப வேண்டும். புள்ளி நன்றாக இருந்தால் முதலாவதே கிடைக்கும். என் புள்ளி நன்றாகத்தான் இருந்தது. ஆகவே ஒன்று என்ற இலக்கத்தை எந்தப் பெட்டிக்குள் எழுதுகிறேனோ, அதுதான் ஆயுசுக்கும் என் தொழில்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. நான் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் ஊர், அகன்ற வாவி ஒன்றுக்கு மேற்கே, படுவான்கரையில். எங்கள் கரை ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் கையில் இருந்தது, எதிர்க்கரை அரசாங்க ஆமியின் கையில். எங்கள் பக்கம் ஒழுங்கான தபால் கிடையாது. படிவம் எதிர்க்கரையில் நாவற்குடாவிலிருந்த என் மாமா வினாயகமூர்த்தியின் விலாசத்துக்கு வந்து, அவர் அதைத் தோணியில் ஒருவரிடம் கொடுத்தனுப்பி, என் கைக்கு வந்தபோது கடைசித் திகதிக்கு ஆறு நாள்தான் மிச்சம். புதன்கிழமைக்குள் எதிர்க்கரைக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டால்தான் வெள்ளிக்கிழமை பேராதனையில் இருக்கும். எப்படியும் விடுமுறை முடிகிறது, பெட்டியையும் கட்டிக்கொண்டு புறப்பட்டு, மாமா வீட்டில் நின்று அப்படியே பேராதனைக்குப் போவது என்று முடிவாயிற்று.

என் அப்பா சாமித்தம்பி வட்டவிதானை. முந்நூறு ஏக்கர் வயல்வட்டை ஒன்றுக்கு எந்த நாளில் தண்ணீர் வரும், யார் வயலுக்கு முதலில் பாயும் என்பதைப் பார்க்கிறவர். ஒவ்வொரு போகத்துக்கும் விதைப்புக் கூட்டம் நடக்கும். நீர்ப்பாசன எஞ்சினியர் மேடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். அப்பா கீழே நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடிப்பார். கோபத்தை நான் யாரிடமிருந்து வாங்கினேன் என்று இனி ஒருவரும் கேட்கத் தேவையில்லை.

"சிவில் எழுது மனே," என்றார், படிவத்தைக் கண்ட கையோடு. "நீர்ப்பாசனத்துக்கு வா. அந்தக் கதிரையில நீ இரிக்கணும். நான் கீழ நிண்டு ஒன்னோட சண்டை பிடிக்கணும்."

"நான் தண்ணி விட மாட்டன் அப்பா."

"விடாட்டி வீட்ட வந்துதானே சோறு தின்னணும்? அப்ப பார்ப்பம்."

அந்த 'வீட்ட வந்து' என்பதுதான் அவருடைய ஆசை முழுவதும். எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் ஆண்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். பெண்பிள்ளை பிறந்த வளவிலேயே இருப்பாள், வீடும் அவளுக்குத்தான். அப்பா எனக்கென்று பக்கத்தில் வீட்டுக்கு அத்திவாரம் போட்டு மூன்று வருஷமாகியிருந்தது. சீமெந்து வாவியைத் தாண்டி வர ஆமி விடாது, அதனால் அது அப்படியே கிடந்தது. சிவில் படித்தால் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் என்று நான் ஊருக்கே வருவேன். இலத்திரனியல் படித்தால்? மின்சாரமே இல்லாத ஊரில் இலத்திரனியல் எஞ்சினியருக்கு என்ன வேலை? கொழும்பு, இல்லாவிட்டால் வெளிநாடு. அது அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனால் எனக்கு இலத்திரனியல்தான் வேண்டும். முதல் வருஷம் ஆய்வுகூடத்தில் அலைகாட்டி என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு. இரண்டு வயரைத் தொடுத்துக் குமிழைத் திருப்பினால் கோடு ஏறி இறங்கி ஓடத் தொடங்கும். மின்சாரம் இப்படித்தான் போகிறது என்றார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட வீட்டிலிருந்து போனவள் நான். பிள்ளைகள் எல்லோரும் குறிப்பெழுதி முடித்துச் சாப்பிடப் போனார்கள், நான் போகவில்லை. ஆய்வுகூடத்தைப் பூட்ட வந்தவர் ஏசித்தான் என்னை எழுப்பினார். அதற்கு முன்னால் எதன்மீதும் எனக்கு அப்படி ஆசை வந்ததில்லை.

"இலத்திரனியல்தான் எழுதுவன்," என்றேன்.

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போனார். சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் கரையைவிட்டுப் போவதற்கு இயக்கத்திடம் அனுமதித் துண்டு எடுக்க வேண்டும். திங்கட்கிழமை பின்னேரம் அதற்காக இயக்கப் பொறுப்பாளர் எங்கள் வீட்டுக்கே வந்தார். இருபத்தாறு வயதிருக்கும். மடிப்புக் கலையாத சேர்ட். மோட்டார்சைக்கிளைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவரோ மெதுவாகத்தான் பேசினார்.

"ஏதோ படிவம் நிரப்பணுமாமே தங்கச்சி. என்ன துறை எழுதப் போறீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் அப்பா, "சிவில்," என்றார்.

"தங்கச்சியிட்டத்தான் கேட்டன் ஐயா." சிரித்தார். "இலத்திரனியல் எழுதுங்க. எங்கட பக்கத்தில அது படிச்ச ஒரு ஆளும் இல்ல. நாங்களும் தட்டித்தட்டிப் பார்த்துத்தான் பழகிறம். போன மாசம் ரெண்டு பொடியனுகளுக்குக் கை போய்ட்டு. படிச்ச ஆள் ஒண்டு இருந்தா அப்பிடி நடக்குமா?"

அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"நாலு வருஷம் படிச்சிட்டு வாங்க. நாங்க பாத்துக்கொண்டிருப்பம். புதன்கிழமை தோணித் துறையடிக்கு வாறப்ப உறைய ஒட்டாமக் கொண்டு வாங்க. நான் பாத்துட்டுத் துண்டு தாறன்."

தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுப் போனார். கோப்பையை அம்மாவின் கையிலேயே கொடுத்து, "நல்லாயிருந்திச்சி அம்மா," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த மனுஷன் என் ஆசையைத்தான் சொன்னான், ஒரு சொல் மாறாமல். ஒரு வருஷமாக நான் மனதுக்குள் வைத்திருந்ததை எடுத்துத் தன் தேவை என்று என் முற்றத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். இனி நான் அதை எழுதினால் என் விருப்பத்தை எழுதியதாகுமா, அவனுடைய கட்டளையை எழுதியதாகுமா?

"இப்ப வெளங்குதா?" என்றார் அப்பா. "நீ அத எழுதினா, நீ அவங்கட ஆள். நாலு வருஷமும் அவங்கட கணக்கில படிப்பாய். வந்து இறங்கின அண்டைக்கே ஒரு அறைக்குள்ள இருத்திக் குண்டுக்கு வயரத் தருவானுகள். கை போகும், இல்லாட்டி ஆள் போகும்."

"நான் வராம விட்டா?"

கேட்டிருக்கக் கூடாது. அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. அம்மாதான், "என்ன கதை கதைக்கிறாய்கா நீ? வாயக் கழுவு," என்று கத்தினாள்.

"சிவில் எழுதினா அவங்களுக்கு நீ தேவைப்பட மாட்டாய்," என்றார் அப்பா. "படிச்சிட்டு வந்து வாய்க்கால் வெட்டு. ஒருத்தனும் ஒன்னத் திரும்பிப் பார்க்க மாட்டான். நான் கெஞ்சிக் கேக்கிறன் மனே."

கூட்டத்தில் எஞ்சினியருக்கே பணியாத மனுஷன் கெஞ்சினார். செவ்வாய்க்கிழமை காலையில் சிவிலின் பெட்டிக்குள் ஒன்று என்று எழுதினேன். இலத்திரனியலுக்கு இரண்டு. எழுதிவிட்டுக் கிணற்றடியில் போய் வாளியை எட்டி உதைத்தேன். காலில் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது.

புதன்கிழமை துறையடிக்கு அப்பாதான் சைக்கிளில் கொண்டுவந்துவிட்டார். பொறுப்பாளர் ஒரு கொட்டிலுக்குள் மேசை போட்டிருந்தார். எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர். எங்கள் முறை வந்தபோது பன்னிரண்டு மணியாகிவிட்டது. உறையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர், விரலை வைத்துக் கீழே கீழே வந்தார்.

"சிவில் எண்டெல்லோ எழுதிரிக்கு?"

அப்பா முந்திக்கொண்டார். "மார்க்ஸ் காணாது தம்பி. மத்ததுக்குப் போட்டி கூடவாம்."

முதல் பத்துப் பேருக்குள் வந்தவள் நான். அந்தப் பொய் எனக்குச் செருப்படிபோல இருந்தது, ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பொறுப்பாளர் கொஞ்ச நேரம் படிவத்தைப் பார்த்தார். பிறகு அதை மடித்து அதே ஒழுங்கில் உறைக்குள் வைத்தார்.

"பரவால்ல," என்றார். "சிவிலும் நல்லதுதான். பங்கருக்கு, பாலத்துக்கு, ரோட்டுக்கெல்லாம் எங்களுக்கு ஆள் வேணும். எந்தப் பாலத்த எங்க வச்சா விழும் எண்டு படிச்சவங்களுக்குத்தானே தெரியும்? நாலு வருஷத்தில வாங்க." அப்பாவின் பக்கம் ஒரு கடதாசியைத் தள்ளினார். "மகள் திரும்பி வருவா எண்டு ஒரு கையெழுத்து வையுங்க ஐயா."

அப்பா கையெழுத்து வைத்தார். அவருக்கு எழுத்தென்றால் சாமித்தம்பி என்ற பெயர் மட்டும்தான். அதை எழுதவே அவ்வளவு நேரம் எடுத்தது. எழுதி முடித்து நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோணியில் பெட்டியை ஏற்றிவிட்டு, "பெட்டிய நனையாமப் பார்த்துக்கொள்," என்று மட்டும் சொன்னார்.

தோணிக்காரர் அருமைநாயகம் தாங்குகம்பை ஊன்றித் தள்ளத் தொடங்கினார். நடு வாவியில் எனக்கு அழுகை வந்தது. துக்கத்தால் இல்லை, வயிறெரிந்துதான். என் ஆசையை அறுத்து எறிந்துவிட்டு வந்தால், அவன் அதுவும் வேண்டும் என்கிறான்.

எதிர்க்கரையில் ஆமிக் காவலரண். பெட்டியைக் கொட்டி ஒவ்வொரு உடுப்பாக உதறினார்கள். பேராதனை மாணவர் புத்தகத்தைக் காட்டினேன். ஒரு வருஷத்தில் பொறுக்கிய சிங்களத்தில் விளக்கம் சொன்னேன். கோப்ரல் ஒருவன் உறையிலிருந்து படிவத்தை எடுத்தான். அவனும் விரலை வைத்துத்தான் வாசித்தான். அதே இடத்தில்தான் அவன் விரலும் நின்றது.

"சிவில்," என்றான். பிறகு உடைந்த தமிழில், "பாலம் கட்டுறதா, உடைக்கிறதா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது அவனுக்குப் பிடிக்கவில்லை போல, பெரியவர் வரட்டும் என்று ஒரு மரவாங்கில் இருத்திவிட்டான். வெயில் தலையைப் பிளந்தது. ஒரு மணியாயிற்று. இரண்டாயிற்று. தபால் கந்தோரில் நாலு மணிக்குப் பிறகு பதிவுத் தபால் எடுக்க மாட்டார்கள். உறை அவனுடைய மேசையில், தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே கிடந்தது. ஒரு வருஷப் படிப்பு, அதற்கு முந்தின பதினாலு வருஷப் படிப்பு, எல்லாம் அந்தக் கோப்பைக்குக் கீழேதான். மூன்று மணிக்கு ஒரு லெப்டினன்ட் வந்தான். படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சிவில் இஞ்சினியருக்குப் பாலத்தின் பலவீனமான இடம் எது என்று தெரியும், இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"இன்னும் படிப்பிக்கவில்லை," என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். கையை ஆட்டிப் போகச் சொன்னான்.

நாவற்குடாச் சந்தியில் பஸ்ஸால் குதித்தபோது நாலுக்குப் பத்து நிமிஷம். பெட்டியையும் தூக்கிக்கொண்டு நகமில்லாத காலோடு ஓடினேன். தபால் கந்தோரில் ஒரு அம்மா முத்திரைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பசைப் போத்தலை என் பக்கம் தள்ளி, "ஒட்டித் தாங்க தங்கச்சி, மூடப் போறம்," என்றாள்.

உறையை ஒட்டுவதற்காகத்தான் கையில் எடுத்தேன். சத்தியமாக அதற்காகத்தான்.

தேத்தண்ணிக் கறை மூலையில் வட்டமாக இருந்தது. எனக்குள் என்னவோ அறுந்தது. எந்தக் கரையில் சிவில் என்னைக் காப்பாற்றியது? அவனுக்குப் பங்கர் வெட்ட நான் வேண்டும், இவனுக்கு என்னைச் சந்தேகிக்கப் பாலம் போதும். நான் சமையல் படித்தாலும் யாருக்குச் சமைக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். அப்படியென்றால் நான் யாருக்காகச் சிவில் எழுதினேன்? அப்பாவுக்காக. அது மட்டும் உண்மை. அப்பா என்னை வீட்டுக்குக் கூப்பிடுகிறார். ஆனால் வீட்டு வழியில் மேசையைப் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் இருக்கும்வரை அப்பாவின் கதிரையும் இல்லை, கூட்டமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

"தங்கச்சி?"

"ஒரு நிமிஷம் அக்கா. பேனை இரிக்கா?"

படிவத்தை விரித்து ஒன்றை வெட்டி இரண்டாக்கினேன். இரண்டை வெட்டி ஒன்றாக்கினேன். வெட்டிய இடங்களில் சின்னக் கையெழுத்து வைத்தேன். இம்முறை கை நடுங்கவில்லை. ஒட்டிக் கொடுத்தேன். அந்த அம்மா முத்திரையைக் குத்தித் துண்டைத் தந்தாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். முதலில் சந்தோஷம் வந்தது. அப்பாவின் கையெழுத்து பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த மட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பேராதனைக்குப் போய் ஒரு மாதத்தில் பட்டியல் வந்தது. இலத்திரனியல் கிடைத்துவிட்டது. அப்பாவிடம் பொய் சொல்லிக்கொண்டு நாலு வருஷம் எப்படி இருப்பது? எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதி, மன்னிப்பும் கேட்டு, மாமா மூலம் தோணியில் அனுப்பினேன். அக்கரைக்குப் போகும் கடிதங்கள் எல்லாம் துறையடியில் உடைத்து வாசிக்கப்படும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரம் அது மண்டைக்குள் ஏறவில்லை. பேராதனையில் ஒரு வருஷம் கடிதங்களை ஒட்டி ஒட்டிப் பழகிவிட்டேன்.

அடுத்த விடுமுறைக்கு நான் நாவற்குடாவுக்கு வந்த மறுநாளே அப்பா வந்தார். மாமாவின் முன்கூடத்தில் ஓரமாக உட்கார்ந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட். கோயிலுக்குப் போகிற உடுப்பு.

"கடிதத்த அவன்தான் கொண்டுவந்து தந்தான்," என்றார். "வாசிச்சும் காட்டினான். சந்தோஷப்பட்டான். 'ஒங்கட மகள் நல்ல காரியம் செஞ்சிரிக்கா ஐயா' எண்டான்."

"அப்பா, என்னை ஏசுங்க."

"ஏன் ஏசணும்? எனக்கும் இப்ப இதுதான் விருப்பம் எண்டு சொல்லிட்டன். இல்லாட்டி மார்க்ஸ் காணாதெண்டு பொய் சொன்னதுக்கு என்னையெல்லோ கேப்பான்?" லேசாகச் சிரித்தார். "இப்ப மாசத்துக்கு ஒருக்கா அவனிட்டப் போய்க் கையெழுத்து வைக்கணும். இண்டைக்கும் பின்னேரத்துக்குள்ள திரும்பிப் போகணும், அம்மா அங்க இரிக்கா. எனக்கென்ன, நான் எங்க போகப் போறன்? தண்ணிய யாரு பார்க்கிற?"

நான் அவருடைய காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் தலையைத் தொடவில்லை. கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினார், கூட்டத்தில் பேசுகிற குரலில்.

"கேளு மனே. இந்த லீவுக்கும் நீ அங்கால வராத. அடுத்த லீவுக்கும் வராத. படிச்சி முடிச்சும் வராத. நான் செத்தாலும் வராத. வெளங்குதா?"

"நீங்கதானே வா வா எண்டீங்க!" என்று கத்தினேன். "ஒங்களுக்காகத்தானே நான் சிவில் எழுதினன்!"

"ஓம்," என்றார். "அது என்ர பிழை."

சோறு சாப்பிடச் சொல்லி மாமி கேட்டாள். தோணிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

சிவில் எழுதியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஒருவரும் கேட்காதபோதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றொன்பதில் அம்மா செத்துப்போனாள். காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரத் தோணி கிடைக்கவில்லை என்றார்கள். மாமா பேராதனைக்குத் தந்தி அடித்தார். அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கு நான் இக்கரைத் தோணித் துறையில் நின்றேன். மூன்று மணிக்கு அம்மாவை எடுக்கப் போகிறார்கள். ஆமிக்காரன்கூட அன்றைக்கு என்னைத் தடுக்கவில்லை, தந்தியைப் பார்த்துவிட்டு வழியைவிட்டான். அருமைநாயகத்தின் தோணி கரையில் நின்றது. நான் தண்ணீரில் இறங்கி விளிம்பைப் பிடித்தேன்.

அவர் கம்பைக் குறுக்கே வைத்தார்.

"ஏத்த மாட்டன் புள்ள."

"அம்மா செத்துட்டா. தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும். ஒங்கட அப்பா காலைல வந்து எங்க எல்லாத் தோணிக்காரனிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனார். மகள் வந்து நிப்பா, ஏத்தாதீங்க எண்டு."

நான் ஏசாத ஏச்சில்லை. அவருடைய தாயை ஏசினேன், பிள்ளைகளை ஏசினேன், நாசமாய்ப் போவாய் என்று காலடி மண்ணை அள்ளித் தூற்றினேன். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இடுப்பளவு தண்ணீரில் நின்று தோணியின் விளிம்பை இழுத்துப் பார்த்தேன். வேறு மூன்று தோணிகள் இருந்தன. அவற்றில் இருந்தவர்களும் மறுபக்கம் திரும்பி நின்றார்கள்.

பிறகு அருமைநாயகம் என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். ஒருவரையும் ஏற்றாமல், வெறுந்தோணியைத் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போனார். மூன்று மணிவரை நான் அங்கேயே நின்றேன்.